வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அந்தோணியார் குப்பம்,
10 நவம்பர் 2025

நீரஜா,

உன் நம்பரைப் போனில் எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டேன். பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், எதைப் பேச ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோகும். பள்ளிக்கூடத்திலும் நம் சண்டை அப்படித்தான் முடியும். அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு எழுதுவது இப்போதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை எங்கள் வரிசையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கடற்கரைச் சாலையில் மீன் விற்கும் நாற்பத்திரண்டு பேரும் இடத்தைக் காலி செய்துவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய மீன் அங்காடிக்குள் போய் உட்கார வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் ஜனவரி ஒன்பதாம் தேதி விசாரணையில் சொல்லலாமாம். யார் புகார் கொடுத்தது என்று ஆபீசில் போய்க் கேட்டேன். நகல் கொடுத்தார்கள். உங்கள் அடுக்ககம். எழுபத்தாறு கையெழுத்து. முதல் கையெழுத்து, 'நீரஜா ராகவேந்திரன், செயலாளர்.'

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் என் பலகையில் நல்ல சங்கரா மீனாகப் பொறுக்கி உனக்கென்று ஒதுக்கி வைப்பேன். செப்டம்பரிலிருந்து நீ வரவில்லை. உன் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை என்று உங்கள் கேட்டில் நிற்கும் அமீன் பாய் சொன்னார். இரண்டு முறை பார்க்க வந்தேன். "யாரையும் மேல விட வாணாம்னு சொல்லிக்கிறாங்க, ரோஸிம்மா" என்றார். நோயாளி இருக்கும் வீடு, தொந்தரவு வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். காரணம் வேறு என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தச் சாலை போட்டபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன்னால் எங்கள் வாசலில் மணல்தான், மணலைத் தாண்டினால் கடல். தார் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. உங்கள் அடுக்ககம் அதற்கும் பிறகு வந்தது. யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் யாரையும் தடுக்கவில்லை. இன்று நாங்கள்தான் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தை உன்னுடையதா, வேறு யாராவது சொல்லிக் கொடுத்ததா?

காரணத்தை எழுது. நாகரிகமாக எழுத வேண்டாம். அமீன் பாயிடம் கொடுத்தால் எனக்கு வந்துவிடும்.

ரோஸி

*

13 நவம்பர் 2025

அன்புள்ள ரோஸி,

வார்த்தை என்னுடையதுதான். புகாரை நானே தட்டச்சு செய்தேன்.

நீ கேட்ட காரணம் இது. செப்டம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டே முக்காலுக்கு ராகவேந்திரன் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. ஆம்புலன்ஸ் பத்தே நிமிடத்தில் உங்கள் வரிசையின் முனைக்கு வந்துவிட்டது, சத்தம் எனக்கு மேலே கேட்டது. அந்த முனையிலிருந்து எங்கள் கேட்டுக்கு முந்நூறு மீட்டர்கூட இருக்காது. அதைக் கடக்க இருபத்திரண்டு நிமிடம் ஆனது.

நான் செருப்புகூட இல்லாமல் கீழே ஓடினேன். சாலையின் பாதி வரை ஐஸ் பெட்டிகள். மீதிப் பாதியில் கார்கள். ஒருவர் காரை நடுவில் நிறுத்திவிட்டு இறால் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். "தோ எடுக்கிறாங்கம்மா, இன்னாத்துக்கு கூவுற?" என்று ஒரு பெண் சொன்னாள். உன் இடத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது. நீ வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். நாற்பத்தாறு வயது. பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவர். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு இப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்புகிறது.

உங்கள் பிழைப்பு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அரசாங்கம் என்று ஒன்றை மனிதர்கள் எதற்காக ஏற்படுத்தினார்கள் என்று காலேஜில் வருடா வருடம் நாற்பது மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வலுத்தவன் வழியை மறித்தால் இளைத்தவன் எங்கே போவான் என்பதற்காகத்தான். அந்தக் காலையில் வலுத்தவர்கள் நீங்கள், இளைத்தவள் நான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. புதிய அங்காடியில் தண்ணீர் இருக்கிறது, கூரை இருக்கிறது. போய்விடுங்கள், ரோஸி.

நீரஜா

*

17 நவம்பர் 2025

நீரஜா,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் வியாபாரத்துக்கு உட்காரவில்லை.

இருபத்திரண்டு நிமிடம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆம்புலன்ஸ் வந்தது, கொஞ்சம் தாமதமானது, போய்விட்டது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். யாருடைய பெட்டிகள் என்று விசாரித்தேன். மூன்று பெட்டி என் அண்ணன் ஜான்சனுடையது. படகு அவனுடையது, அண்ணி தேசம்மா உட்கார்ந்து விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் அதிகம் என்று அவன் பெட்டிகளை ரோட்டுக்கு இறக்குவான். எல்லோருக்கும் தெரியும். நானும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவள்தான். மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அடித்தேன். அந்த ஒரு வார்த்தையை வைத்து இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அங்காடிக்குப் போக மாட்டோம். கோபத்தில் எழுதவில்லை. போன வருடம் பன்னிரண்டு பேர் போனோம், நானும் போனேன். பளபளவென்று இருந்தது. பைப்பைத் திறந்தால் தண்ணீர். மூன்று நாள் உட்கார்ந்தேன். வந்தவர்கள் இருவர். ஒருவர் வழி கேட்க வந்தவர். நான்காம் நாள் நாறிப்போன கானாங்கெளுத்தியைக் கடலில் கொட்டினேன். ஆபீசுக்குப் போகிறவர், வாக்கிங் போகிறவர், கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர் எல்லாம் இந்த ரோட்டில்தான் போகிறார்கள். வாங்குகிறவர் நடக்கும் வழியில்தான் சந்தை உண்டாகும். கட்டடம் கட்டிவிட்டு, இங்கே வாங்குங்கள் என்று ஜனங்களுக்கு உத்தரவு போட முடியுமா?

ரோட்டில் ஒருவர் போக வேண்டும், ஒருவர் விற்க வேண்டும். இரண்டும் நடக்க என்ன செய்வது? யாரோ மேலிருந்து வந்து ஒழுங்குபடுத்தட்டும் என்று இத்தனை வருடம் இருந்துவிட்டோம். வந்தவர்கள் காலி செய்யச் சொன்னார்கள், இல்லையென்றால் கண்டுகொள்ளாமல் போனார்கள். இனி நாங்களே செய்துகொள்கிறோம். நாற்பது மாணவிகளுக்குச் சொல்கிறாயே, எனக்கும் சொல். அரசாங்கம் என்று ஒன்றுமே இல்லாத இடத்தில் அதை எப்படி உண்டாக்குவது? எங்கிருந்து ஆரம்பிப்பது?

உன்னிடமே கேட்கிறேனே என்று நினைக்காதே. வேறு யாரிடம் கேட்பேன்?

ரோஸி

*

24 நவம்பர் 2025

ரோஸி,

பதில் எழுதக் கூடாது என்று ஒரு வாரம் இருந்தேன். கேள்வி விடவில்லை.

வகுப்பில் நான் இரண்டு பதில் சொல்வேன். பயத்தில் பிறந்தது என்பது ஒன்று. ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க, எல்லோரும் தங்கள் தடியைக் கீழே போட்டு, ஒரு பொதுத் தடியை ஒருவர் கையில் கொடுத்தார்கள். தேவையில் பிறந்தது என்பது இன்னொன்று. ஏரிக்கரை உடைந்தால் ஒரே வீட்டால் அடைக்க முடியாது, அதனால் கூடினார்கள். எது சரி என்று மாணவிகள் கேட்பார்கள். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் வந்துவிடுவேன். உண்மையில் அதை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

நீ செய்யப்போவதானால், சட்டம் போடுவது சுலபம் என்று ஏமாந்துபோகாதே. எங்கள் அடுக்ககத்தில் முப்பத்தைந்து விதிகள் இருக்கின்றன, லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறது, யாரும் படித்ததுகூடக் கிடையாது. எல்லை எது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். மீறினால் என்ன என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னது சொன்னபடி நடக்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். மீறுகிறவன் முதலில் யாராக இருப்பான் என்று உனக்கே தெரியும். உன் அண்ணன்மீது அதைச் செலுத்த முடிந்தால் மேலே பேசு. முடியாவிட்டால் அது அரசாங்கம் ஆகாது, உங்களுக்குள் ஒரு கூட்டு, அவ்வளவுதான்.

புகாரை நான் திரும்பப் பெறவில்லை. தப்பாக நினைத்துவிடாதே.

நீரஜா

*

8 டிசம்பர் 2025

நீரஜா,

கூட்டம் போட்டோம். மழை விட்டதும் வலை பின்னும் கொட்டகையில் நாற்பத்திரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஆம்பளைகள் பின்னால் நின்றார்கள். இருபத்திரண்டு நிமிடத்தைச் சொன்னேன். யார் வீடு என்று சொல்லவில்லை. யாருடைய பெட்டி என்றும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் முன்னால் ஜான்சன்தான் எழுந்தான். "இன்னாடி இது? கோடு போட்டு உக்கார வெக்க நீ யாரு? இது உன் அப்பன் வூட்டு ரோடா?"

"உன் அப்பனும் என் அப்பனும் ஒரே ஆளு தாண்ணா. அவரு வூட்டு ரோடு இல்ல, அதாலதான் கோடு போட்றோம்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததால்தான் கூட்டம் உடையாமல் நின்றது என்று நினைக்கிறேன்.

மூன்று மணி நேரம் பேசினோம். ரோட்டின் ஓரத்திலிருந்து ஆறடிக்கு ஒரு வெள்ளைக் கோடு. அதைத் தாண்டி பலகையோ பெட்டியோ போனால், அவர் அடுத்த இரண்டு ஞாயிறு உட்காரக் கூடாது. ஞாயிறு காலையில் இரண்டு பேர் முறை வைத்து நின்று, கார்களைப் பக்கத்துத் திடலுக்கு அனுப்ப வேண்டும். கழிவைப் பதினோரு மணிக்குள் அள்ள வேண்டும். யார் எந்த இடம் என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டு. தலைவிக்கும் மூன்று மாதம்தான். என்னைத் தலைவி ஆக்கினார்கள். விலை மட்டும் அவரவர் இஷ்டம். அதில் குழு கை வைக்கக் கூடாது என்று எல்லோருமே கத்தினார்கள். ஒரே விலை வைக்கலாமே என்று ஒருத்தி சொன்னதற்கு, "நான் நாலு மணிக்கு எந்து போய் ஏலத்துல எடுக்கிறேன், அவ எட்டு மணிக்கு வந்து என் வெலைக்கு விப்பாளா?" என்று இன்னொருத்தி பாய்ந்தாள். அது நியாயமாகத்தான் பட்டது.

கோட்டை முதலில் சுண்ணாம்பில் போட்டோம். மழையில் போய்விட்டது. பிறகு படகுக்கு அடிக்கும் பெயின்ட்.

நேற்றுக்கு முந்திய ஞாயிறு, அதுதான் முதல் ஞாயிறு, ஜான்சன் ஒரு பெட்டியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தான். வேண்டுமென்றேதான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அண்ணா, ரெண்டு ஞாயிறு" என்றேன். அவன் சிரித்தான். நான் அந்தப் பெட்டியைப் பிடித்து இழுத்தேன், ஐஸ் கொட்டியது. அவன் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. தேசம்மா அண்ணிதான் பேசாமல் பலகையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். நேற்றும் அவர்கள் இடம் காலி. இருவரும் என்னோடு பேசுவதில்லை. என் பெண்ணின் பூப்புச் சடங்குக்கு மாலை போட்ட அண்ணன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். சந்தோஷமாக இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ரோஸி

*

15 டிசம்பர் 2025

ரோஸி,

இரண்டு ஞாயிறும் பால்கனியில் நின்று பார்த்தேன். வழி இருந்தது. ஒரு பள்ளி வேனும் ஒரு தண்ணீர் லாரியும் நிற்காமல் போயின. ராகவேந்திரனை நாற்காலியோடு பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கோடு... நேரா... இல்ல" என்றார். செப்டம்பருக்குப் பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை.

ரூபீனா என்ற பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும். மந்தைவெளியில் இருக்கிறாள், கருவாடு விற்கிறாள். புதன்கிழமை உங்கள் வரிசையின் கடைசியில் கூடையை வைத்திருக்கிறாள். உங்கள் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் வந்து, 'இந்தக் குப்பத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இடம்' என்று கூடையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்களாம். எங்கள் கேட்டருகே நிழலில் நின்று அழுதுகொண்டிருந்தாள், அமீன் பாய் தண்ணீர் கொடுத்தார். நான் அப்போதுதான் காலேஜிலிருந்து வந்தேன். உன் பெயரைச் சொன்னாள். 'ரோஸிக்கா ரூல்' என்றாள்.

எங்கள் ராஜகோபாலன் மாமா, அதாவது அடுக்ககத் தலைவர், நேற்றுக் கூட்டத்தில் என்ன சொன்னார் தெரியுமா? "கோடு போட்டுண்டா மட்டும் போறுமா நீரஜா? நாம இங்க காசு குடுத்து வாங்கிண்டு வந்திருக்கோம். யார் நம்ம வாசல்ல உக்காரலாம்ங்கறதை நாமதானே தீர்மானிக்கணும்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு ஆம்புலன்ஸ் ஒரு பொருட்டே இல்லை என்பது ஒன்று. 'முன்னால் வந்தவன் தீர்மானிப்பான்' என்று அவரும் சொல்கிறார், நீயும் சொல்கிறாய் என்பது இன்னொன்று.

சுதந்திரமாகத் தொழில் செய்ய விடு என்று என்னிடம் கேட்டவள் நீ. அது உன் நாற்பத்திரண்டு பேரோடு முடிந்துவிடுகிறதா?

நீரஜா

*

18 டிசம்பர் 2025

நீரஜா,

மாடியில் நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் இடம் ஆறடி. அதை ரப்பர் மாதிரி இழுக்க முடியாது. இன்று ரூபீனாவை விட்டால் நாளைக்குப் பத்து பேர். அதற்கு மறுநாள் கம்பெனி வரும். வந்தும் விட்டது. குளிர்வண்டி வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் ஆள் போன வாரம் வந்தான். டை கட்டியிருந்தான். "நாலு இடம் எங்களுக்குக் குடுங்க, உங்க பொண்ணுங்களையே சம்பளத்துக்கு வெச்சுக்கிறோம்" என்கிறான். அவனுக்கும் சுதந்திரம்தானே? அவனையும் விடட்டுமா? ஒரே மாதத்தில் நாங்கள் எல்லோரும் அவனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்போம்.

எங்களிடம் இருப்பது இந்த ஓரம் ஒன்றுதான். அதிலும் உன் நியாயத்தைக் கொண்டுவந்து வைக்காதே.

ரோஸி

*

2 ஜனவரி 2026

நீரஜா,

நீ பதில் எழுதவில்லை. எழுதும்படி நானும் எழுதவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மந்தைவெளிக்குப் போனேன். ரூபீனாவைத் தேடித்தான். ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டு அருகே கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள், நின்றுகொண்டிருந்தால் யாருக்கோ காத்திருக்கிறாள் என்று விட்டுவிடுவார்களாம். நெத்திலிக் கருவாடு சுத்தமாக இருந்தது, மணலே இல்லை. எங்கே காயவைக்கிறாய் என்றேன். தங்கியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில். வீட்டுக்காரர் அதற்கும் சண்டை.

"எதுக்குக்கா வந்தீங்க?" என்றாள். "நீங்க ரோட்டுக்காக கவர்மென்ட்டுகிட்ட போய் நிப்பீங்க. உங்ககிட்ட இருந்து எடம் கேக்க நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்மேல்தான் கோபம். வீட்டுக்கு வந்து சேரும்போது கோபம் யார்மேல் என்று தெரிந்துவிட்டது.

குழுவைக் கூட்டினேன். எங்கே பிறந்தார் என்று கேட்கக் கூடாது, தன் கையால் விற்கிறாரா என்று மட்டும்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். ஒருவருக்கு ஓர் இடம். ஆள் வைத்து விற்கிறவருக்கு இடம் இல்லை. டை கட்டிய ஆள் வந்து தானே உட்கார்ந்து மீன் அரிந்து கொடுக்கட்டும், அவனுக்கும் சீட்டுப் போடுகிறோம். நாற்பத்துமூன்றாவது இடம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். ஆளுக்கு மூன்று விரல் ஒதுங்கினால் ஓர் இடம் வருகிறது. தரையில் முழம் போட்டு அளந்து காட்டினேன்.

கை தூக்கச் சொன்னபோது பதினெட்டுதான் எழுந்தது. தோற்றுவிட்டேன். மறுபடி கேட்க எனக்கு உரிமை உண்டா என்றுகூடத் தெரியவில்லை. நான்கு நாள் வீடு வீடாகப் போனேன். "மூணு வெரல்ல இன்னாடி ஆவப்போது, வஞ்சிரம் தலைய கொஞ்சம் திருப்பி வெச்சா போச்சு" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். நேற்றுப் புத்தாண்டுப் பூசை முடிந்து மறுபடி கேட்டேன். இருபத்திரண்டு பேர் சரி என்றார்கள், இருபது பேர் கூடாது என்றார்கள். தேசம்மா அண்ணி கூடாது என்றுதான் கை தூக்கினாள், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே.

ரூபீனா திங்கட்கிழமையிலிருந்து உட்காருகிறாள்.

ஒன்பதாம் தேதி நீ அவர்கள் பக்கம் நின்று பேசுவாய் என்று தெரியும். பேசு. நாங்களும் பேசுகிறோம்.

ரோஸி

*

7 ஜனவரி 2026

அன்புள்ள ரோஸி,

செயலாளர் பதவியை நேற்று விட்டுவிட்டேன். விசாரணையில் அடுக்ககம் ஒரே குரலில் பேச வேண்டும், முழுவதுமாகக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது என் குரல் இல்லை. ராஜகோபாலன் மாமா வருத்தப்பட்டார். "நீதானேம்மா ஆரம்பிச்சே?" என்றார். உண்மைதான். நான் ஆரம்பித்தது வழிக்காக. அது வாசனைக்கும் வீட்டு மதிப்புக்கும் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். பொதுத் தடியைக் கையில் கொடுத்தபின் அது யார்மேல் விழும் என்பது கொடுத்தவர் கையில் இல்லை என்று நானேதான் வகுப்பில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வருவேன். ராகவேந்திரனையும் அழைத்து வருகிறேன், அவரே கேட்டார். உனக்காகப் பேச வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. செப்டம்பர் ஏழாம் தேதி நடந்ததைச் சொல்வேன், ஒரு நிமிடம்கூடக் குறைக்க மாட்டேன். டிசம்பரில் பால்கனியிலிருந்து பார்த்ததையும் சொல்வேன். அதைக் கேட்டு அவர்கள் என்ன முடிவு செய்தாலும் நான் ஏற்க வேண்டும். நீயும் ஏற்க வேண்டும்.

நீரஜா

*

10 ஜனவரி 2026

நீரஜா,

ராகவேந்திரன் சாருக்குக் களைப்பாகிவிட்டது என்று நீ பாதியில் கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

நீ பேசியதில் பாதி எங்களுக்கு எதிராக இருந்தது. 'என் காலில் மீன் செதில் ஒட்டியிருந்தது, அதோடுதான் ஆஸ்பத்திரிக்குள் போனேன்' என்று நீ சொன்னதும் தேசம்மா அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்துக்கொண்டு போனதைப் படிக்கவில்லை. கோட்டைப் பற்றிச் சொன்னேன், இரண்டு ஞாயிறு பற்றிச் சொன்னேன். "உங்க குழு சொன்னா கேப்பாங்களா? கேக்கலைன்னா?" என்று அந்த அதிகாரியம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஜான்சன் எழுந்தான். "என்னைய ரெண்டு வாரம் உக்கார வெச்சிச்சும்மா. கூடப் பொறந்தவன்னுகூட பாக்கல" என்று புகார் மாதிரிச் சொன்னான். அந்தம்மா எழுதிக்கொண்டார். அவன் எங்களுக்காகச் சொன்னானா, என்மேல் குறை சொன்னானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உத்தரவு இது. ஆறு மாதம் பார்ப்பார்கள். கோடு இருக்க வேண்டும். ஞாயிறு காலையில் ஒருவழிப் பாதை. தெருவியாபாரிகள் சட்டத்தின்படி எங்கள் குழுவைப் பதிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு முறை வழி மறிபட்டாலும் எல்லோரும் அங்காடிக்குப் போக வேண்டும். யாருக்கும் முழு சந்தோஷம் இல்லை. உங்கள் ராஜகோபாலன் சார் விறுவிறுவென்று வெளியே போனார். எங்களிலும் சிலர் முணுமுணுத்தார்கள்.

வெளியே வந்ததும் ஜான்சன் என் அருகில் வந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு. "எத்தினி நிமிசம்னு சொன்னாங்க?" என்றான். சொன்னேன். "எம் பொட்டிங்களா?" என்றான். ஆமாம் என்றேன். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்தே போனான்.

ரோஸி

*

26 ஜனவரி 2026

ரோஸி,

நேற்று உன் அண்ணன் வந்தார். அமீன் பாய் போன் செய்து கேட்டார், மேலே விடச் சொன்னேன். வாசலிலேயே நின்றார். "சாரைப் பாக்கணும்" என்றார். ராகவேந்திரன் இடது கையை நீட்டினார், அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடம் இருக்கும். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. பிறகு அது உறுத்தியது.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. காலையில் ராகவேந்திரனுக்குச் சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் வருகிறது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று முன்பு தெரிந்தது, இப்போது தெரியவில்லை. அதனால் கீழே வர இன்னும் மனம் வரவில்லை. கொஞ்ச நாள் பொறு.

நீரஜா

*

12 மார்ச் 2026

நீரஜா,

பொறுத்தேன். இப்போது ஒரு செய்தி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மூன்று மாதம் முடிந்து தலைவிக்கு மறுபடி தேர்தல் வைத்தோம். நானும் தேசம்மா அண்ணியும் நின்றோம். நான் தோற்றுவிட்டேன். ஒன்பது ஓட்டு வித்தியாசம். அண்ணனையே ஒதுக்கி வைத்தவள், பக்கத்திலிருந்து மூன்று விரல் பிடுங்கியவள், கழிவு அள்ளும்போது தலைக்குமேல் வந்து நிற்பவள் என்று என்மேல் எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. ரூபீனா எனக்குத்தான் போட்டாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை, கேட்கக் கூடாது.

அன்று சாப்பிடவில்லை. நான்தானே இதை உண்டாக்கினேன் என்று ஒரே ஆத்திரம். இனி கோடு அவ்வளவுதான், அண்ணி முதல் வாரமே பெட்டியை இறக்கிவிடுவாள் என்று நிச்சயமாக நினைத்தேன்.

போன ஞாயிறு ஆறரை மணிக்கே அண்ணி வந்துவிட்டாள். கையில் ஒரு குச்சி. வரிசையை முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். என் பலகை முன்னால் நின்றாள். புதுப் பலகை, பழையதைவிடக் கொஞ்சம் நீளம், நான் கவனிக்கவில்லை. நான்கு விரல் கோட்டைத் தாண்டியிருந்தது.

"ரோஸி, ரெண்டு ஞாயிறு" என்றாள்.

"நாலு வெரல் தான் அண்ணி!"

"நாலு வெரலுக்குன்னு தனியா ரூல் கீதா? நீதானே எழுதின, படிச்சிக் காட்டு."

நாற்பத்திரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூஞ்சியெல்லாம் எரிந்தது. பலகையைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்திவிட்டு முதலில் அழுதேன். பிறகு என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. நான் இல்லாமலே அது நடக்கிறது, நீரஜா. என்மேலேயே நடக்கிறது.

அதனால் வரும் ஞாயிறும் அடுத்த ஞாயிறும் காலையில் எனக்கு வேலை இல்லை. இருபது வருடத்தில் ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு ஞாயிறு கிடைத்ததில்லை, என்ன செய்வதென்றே தெரியவில்லை. எட்டு மணிக்கு மேல் உங்கள் கேட்டுக்கு வருகிறேன். அமீன் பாயிடம் சொல்லி வை. வேண்டாம் என்றால் அதையும் அவரிடமே சொல்லிவிடு, திரும்பிப் போகிறேன், அடுத்த ஞாயிறு மறுபடி வருவேன்.

ரோஸி